மறுபிறவியும் முதுகு ஊசியும்

பிள்ளைப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் கூறினர். இஃது உயர்வு நவிற்சியன்று; தலைமுறை தலைமுறையாகக் கண்டு கலங்கிய உண்மை. திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது பெயர். காவிரியில் வெள்ளம் பெருகியதால் மகளின் பேறுகாலத்திற்கு வந்து சேர இயலாத அன்னைக்கு மாறாக, இறைவனே அவ்வன்னையின் வடிவில் வந்து இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. கடவுளே மருத்துவச்சியாக வந்து நிற்க வேண்டுமென ஒரு சமுதாயம் எண்ணியதென்றால், பேறுகாலத்தைப் பற்றிய அச்சம் எத்துணை ஆழமாக அதன் நெஞ்சில் வேரூன்றியிருந்தது என்பதை நாம் உய்த்துணரலாம்.

அவ்வச்சம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை, உருவம் மாறியிருக்கிறது. பினாங்குத் தமிழ்க் குடும்பமொன்றில், 'சிசேரியன் செய்யவேண்டும்' என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர்கள் கத்தியைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. 'முதுகிலே ஊசி போடுவார்களாமே, பிறகு பிள்ளைக்கு நடக்க முடியுமா? காலமெல்லாம் இடுப்பு வலிக்குமாமே?' என்றுதான் கேட்கின்றனர். முழு மயக்கம் கொடுத்து உறங்க வைத்துவிடுங்கள் என்று மன்றாடுவோரும் உண்டு. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையாகாது. முதுகு ஊசியைக் கண்டு மருத்துவர்களே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தணிந்தது என்னும் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கத்தியும் தையலும்

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தல் மிகப் பழைய செயல். ஆயினும் பழங்காலத்தில் அது தாயைக் காப்பாற்றும் செயலாக இருந்ததில்லை. மோரியப் பேரரசன் பிந்துசாரனின் பிறப்பைப் பற்றிச் சமண, பௌத்த நூல்கள் கூறும் கதை இதற்குச் சான்று. நஞ்சுண்டு அரசி சாய்ந்தபொழுது, சாணக்கியர் அவள் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார் என்பர். குழந்தை பிழைத்தது; தாய் மாண்டாள். உரோமர்களின் சட்டமும், கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுத்த பின்னரே அடக்கம் செய்தல் வேண்டும் என விதித்தது. சீசர் இம்முறையில் பிறந்தமையால்தான் இப்பெயர் வந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அவன் தாய் அவ்ரேலியா, மகன் வளர்ந்து பெருவீரனாவதைக் கண்ட பின்னரே மறைந்தாள். அக்காலத்து அறுவைக்கு ஆளான பெண் அவ்வளவு காலம் வாழ்ந்திருப்பாள் என்பது நம்பத்தக்கதன்று.

தாயும் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிறந்தது. 1876இல் இத்தாலியரான போரோ, குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் நீக்கி இரத்தப் பெருக்கைத் தடுத்தார். 1882இல் செருமானியரான மாக்ஸ் சேங்கர், கருப்பையைத் தைத்து மூடும் முறையை விளக்கினார். இன்று நமக்கு வெகு இயல்பாகத் தோன்றும் அத்தையல், கருப்பையைப் பறிகொடுக்காமலே தாய் உயிர்பிழைக்க வழி வகுத்தது.

கத்தியும் தையலும் கைவந்தன. எஞ்சியது வலி. வலியைப் போக்க வந்த மருந்தே உயிரைப் போக்கும் கருவியாகவும் மாறக்கூடும் என்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது.

மயக்கம் வந்த வழி

1847ஆம் ஆண்டு சனவரியில், எடின்பரோ நகரத்து மருத்துவர் சிம்ப்சன் பேறுகாலப் பெண் ஒருத்திக்கு ஈதரை முகரக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோபாமைக் கையாண்டார். 1853இல் விக்டோரியா அரசியார் தம் மகன் லியோபோல்டைப் பெற்றபொழுது ஜான் சுநோ என்னும் மருத்துவர் அரசியாருக்குக் குளோரோபாம் அளித்தார். அரசியே ஏற்றுக்கொண்ட பின்னர் எதிர்ப்புக் குரல்கள் அடங்கத் தொடங்கின.

ஆனால் 1848இலேயே, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாம் பெற்ற ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்திருந்தாள். மூச்சு நின்றதால் இறந்தாளா, நெஞ்சம் நின்றதால் இறந்தாளா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அதைத் தீர்க்க நம் இந்திய மண்ணிலேயே ஓர் ஆய்வு நடைபெற்றது. ஐதராபாத்து நிசாமின் பொருளுதவியோடு 1888, 1889ஆம் ஆண்டுகளில் எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் அமைத்த ஆய்வுக் குழுக்கள், மூச்சைக் கவனித்தாலே போதும் என முடிவு கூறின. அம்முடிவு தவறு. குளோரோபாம் நெஞ்சத்தைத் திடீரென நிறுத்தக்கூடும் என்பதை 1911இல் லெவி என்பார் மெய்ப்பித்தார். எதனைக் கவனிக்க வேண்டும் என்று அறியாமல், வேறொன்றை எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும் உயிரைக் காக்க இயலாது. நம் வரலாறு முழுவதிலும் இப்பாடம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

கீல் நகரில் நிகழ்ந்தது

1884இல் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். ஆளை உறங்க வைக்காமல் உறுப்பை மட்டும் உறங்க வைக்கும் வழி திறந்தது. 1891இல் செருமனியின் கீல் நகரத்தில் குவின்கே என்பார், இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தித் தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரை எடுக்கும் முறையை வகுத்தார். அதே கீல் நகரத்தில் இவ்விரண்டு அறிவையும் இணைத்தவர் அகஸ்டு பீர் என்னும் அறுவை மருத்துவர்.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், கணுக்காலில் காசநோய் கண்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு, பீர் முதுகுவழியே 15 மில்லிகிராம் கொக்கெயினைச் செலுத்தி அறுவை செய்தார். தொழிலாளி விழித்திருந்தார், வலி இல்லை. ஆனால் பின்னர்த் தலைவலியும் வாந்தியும் வந்தன. அதன் காரணத்தை அறிய விரும்பிய பீர், எட்டு நாள் கழித்துத் தம்மையும் தம் உதவியாளர் ஹில்டபிராண்டையும் ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார். பீரின் முதுகில் ஊசி இறங்கியது. ஆனால் குழல் ஊசியோடு பொருந்தாமையால் மருந்து வழிந்தது. தண்டுவட நீரும் கசிந்தது. பின்பு உதவியாளரின் முதுகில் முறையாகச் செலுத்தினார். அவர் காலில் சுத்தியலால் தட்டினார். சுருட்டு நெருப்பால் தொட்டார். வலியில்லை. ஆய்வு முடிந்தபின் இருவரும் உண்டு மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த நாளிலிருந்து பீர் தலைதூக்க இயலாமல் ஒன்பது நாள் வரை வருந்தினார். படுத்தால் வலி நீங்கியது, எழுந்தால் வந்தது. ஊசித் துளைவழியே தண்டுவட நீர் கசிந்தமையே காரணம் என அவர் கருதினார். அக்கருத்து சரியானது என்றே இன்றும் கொள்ளப்படுகிறது.

1900ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்து ஆஸ்கர் கிரைஸ், பேறுவலியுற்ற பெண்கள் அறுவருக்கு இம்முறையைக் கையாண்டார். அறுவைப் பேற்றிற்கும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் முதுகு ஊசி பயன்படலாயிற்று. வலியின் சிக்கல் தீர்ந்துவிட்டதென மருத்துவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

வீழ்ந்த அழுத்தம்

முதுகில் செலுத்தும் மருந்து வலி நரம்புகளை மட்டும் மரக்கச் செய்வதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நுண்ணிய நரம்புகளையும் உறங்கச் செய்துவிடுகிறது. பிடி தளர்ந்த குழாய்கள் விரிகின்றன, இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிடுகிறது, நெஞ்சிற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, அழுத்தம் வீழ்கிறது. வாய்க்கால்களின் கரைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அகன்றால், அதே அளவு நீர் ஓடினும் மட்டம் தாழ்ந்துவிடுவதைப் போன்றது இது.

எல்லார்க்கும் பொதுவான இக்குறை கருவுற்ற பெண்ணிடம் பன்மடங்காகிறது. நிறைமாதத்தில் முதுகெலும்புக் குழாய்க்குள்ளிருக்கும் சிரைகள் புடைத்து, தண்டுவட நீர் தங்கும் இடத்தைக் குறுக்கிவிடுகின்றன. ஆகவே குறைந்த மருந்தே மேலேறிப் பரவிவிடும். மற்றவர்க்குத் தகுந்த அளவு இவளுக்கு மிகையாகும். மருந்து மார்பைக் கடந்து மேலேறினால் மூச்சு விடுதலே அரிதாகும். மேலும், நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் தாயின் இரத்த அழுத்தத்தையே நம்பியுள்ளது. தாயின் மூளைக்கு உள்ளதுபோலத் தன் பங்கைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்குப் பெரிதும் இல்லை. எனவே தாயின் அழுத்தம் வீழ்ந்தால், பிள்ளையின் மூச்சும் அங்கேயே தடைப்படுகிறது.

அழுத்தத்தை அளக்கும் கருவி அந்நாளில் இல்லாமலில்லை. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இலேயே கையில் கட்டும் பட்டையை உருவாக்கினார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், குழாய்வைத்து ஒலிகேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். கருவி இருந்தது, பொருள் முழுமையாக விளங்கவில்லை. முதுகு ஊசி பெற்ற பெண்கள் அறுவை மேசையிலேயே உயிர்துறந்த நிகழ்ச்சிகள் மேலைநாடுகளில் மிகுந்தன. பேறுகாலப் பெண்ணுக்கு முதுகு ஊசி ஆகாது என்று மகப்பேற்று அறிஞர் பலரும் எச்சரித்தனர். நம் பெரியவர்களின் அச்சத்திற்கு முன்னோடி இங்கேதான் இருக்கிறது.

நம் மக்களின் நிலை

மேலைநாட்டு மருத்துவமனைகளே இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், நம் பெண்கள் பலருக்கு மருத்துவமனை என்பதே எட்டாக் கனியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து, பேறுவலியால் துடிக்கும் தம் மனைவியரைக் காக்கப் பெண் ஒருத்தி வரவேண்டுமென ஐடா ஸ்கடரிடம் வேண்டினர். அவர் அப்பொழுது மருத்துவரல்லர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பிப் பின்னர் வேலூர் மருத்துவமனையை எழுப்ப வைத்தது. சென்னை எழும்பூரில் 1844 முதல் மகப்பேற்று மருத்துவமனை இயங்கி வந்தது. மகப்பேற்றியலில் பெயர்பெற்ற ஆ. இலட்சுமணசாமி முதலியார் எழுதி 1938இல் வெளிவந்த மகப்பேற்று மருத்துவ நூல், இன்றும் திருத்தப் பதிப்புகளாக மாணவர் கையில் தவழ்கிறது.

மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்களோ, பெரும்பாலும் தோட்டப்புற லயத்து வீடுகளிலேயே மருத்துவச்சியின் கையால் பிள்ளை பெற்றனர். பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையில் முதலில் கரும்புத் தோட்டங்களும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் நம் மக்களின் வியர்வையால் வளர்ந்தன. தோட்ட டிரஸ்ஸர் தம்மால் இயன்றதைச் செய்தார். அதற்குமேல் நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். பினாங்குத் தீவுக்குக் கொண்டுசெல்வதாயின் கடலைக் கடக்க வேண்டும். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை நோயாளிக்கும் படகே வழி. நெடுநேரம் வலியுற்று, நீரின்றி வாடி, இரத்தம் இழந்து வந்து சேரும் பெண்ணே முதுகு ஊசியால் அழுத்தம் வீழ்ந்து மடியக்கூடியவள். இழந்த இரத்தத்தை ஈடுசெய்யாமல் அவளுக்கு அம்மருந்தைக் கொடுத்தல் தற்காப்பைப் பறித்துவிட்டுப் போர்க்களம் அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இரண்டு தீமைகளுக்கிடையே

முதுகு ஊசி ஆகாதென்றால் முழு மயக்கந்தானே வழி? அவ்வழியிலும் காலன் காத்திருந்தான். 1946இல் நியூயார்க்கு மருத்துவர் மெண்டல்சன், 44,016 கருவுற்ற பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, மயக்கநிலையில் இரைப்பையிலுள்ளவை நுரையீரலுக்குள் சென்ற 66 நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டினார். நிறைமாதப் பெண்ணின் இரைப்பை கருப்பையால் நெருக்கப்பட்டிருக்கிறது. மயக்கத்தில் தொண்டையின் காவல் நீங்கியதும், இரைப்பையின் அமிலம் மேலேறி நுரையீரலைச் சுட்டுவிடுகிறது. பேறுவலியின்போது உண்ணக்கொடாமல் வைத்திருக்கும் வழக்கம் இந்த ஆய்வின் விளைவாகவே பரவிற்று.

அடுத்த ஆண்டிலேயே முதுகு ஊசியின் பெயருக்கும் பேரிடி விழுந்தது. 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டு நகரத்தில், சிறிய அறுவைகளுக்காக ஒரே நாளில் முதுகு ஊசி பெற்ற வூலி, ரோ என்னும் இரு தொழிலாளர்கள் இடுப்புக்குக் கீழ் நிலையாகச் செயலிழந்தனர். வழக்கு 1953இல் நீதிமன்றம் ஏறியது. மருந்துக் குப்பியின் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புவழியே பினால் என்னும் நச்சுநீர் கலந்திருக்கலாம் என்று அந்நாளில் கருதப்பட்டது. கருவிகளைக் கொதிக்க வைக்கும் கலத்தில் எஞ்சிய அமிலமே காரணமாயிருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கூறினர். எதுவாயினும், குற்றம் ஊசி செலுத்தும் முறையினுடையதன்று. தூய்மை கெட்டதே குற்றம். ஆனால் செய்தித்தாள் படித்த மக்களுக்கு அவ்வேறுபாடு எட்டவில்லை. பிரிட்டனில் முதுகு ஊசி பல்லாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. பிரிட்டனைப் பார்த்து மருத்துவம் பயின்ற நாடுகளிலும் அதன் நிழல் படிந்தது. 'முதுகு ஊசி போட்டால் கால் போய்விடும்' என்னும் பேச்சு வெறும் கட்டுக்கதையாகத் தோன்றியதன்று.

படுக்கையில் இருந்த காரணம்

விடிவுக்கு முதற்கீற்று 1953இல் தெரிந்தது. நிறைமாதப் பெண்கள் மல்லாந்து படுத்த அளவிலேயே சிலருக்கு முகம் வெளிறி, வியர்த்து, அழுத்தம் வீழ்வதையும், ஒருபக்கமாகத் திரும்பியதும் அது நேராவதையும் அமெரிக்க மருத்துவர்களான ஹவர்டும் அவர் துணைவரும் விளக்கி எழுதினர். கனத்த கருப்பை, முதுகெலும்பின் முன்னே ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்திவிடுகிறது. நெஞ்சிற்குத் திரும்பும் இரத்தம் அங்கேயே தடைப்படுகிறது. ஊசி போடாத பெண்ணின் உடல் தன் குழாய்களை இறுக்கி ஒருவாறு சமாளிக்கும். ஊசி பெற்றவளிடம் அந்த ஆற்றலும் உறங்கிவிடுகிறது. மேசையில் பெண்கள் மடிந்ததற்கு மருந்து மட்டும் காரணமன்று, படுக்க வைத்த முறையும் காரணம் என்பது அப்பொழுது தெளிந்தது.

இதற்குரிய மாற்று, இடுப்பின் கீழே ஒரு சிறு தலையணை போன்றதை வைத்து இடப்பக்கமாகச் சிறிது சாய்ப்பதே. விலையில்லாத இவ்வுபாயம் எத்தனை தாய்மாரைக் காத்தது என்பதற்குக் கணக்கில்லை. நம் பாட்டிமார் கருவுற்ற பெண்ணை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வர். அந்த அறிவுரையின் நன்மையை அறுவை அரங்கு பின்னால் வந்து உணர்ந்துகொண்டது எனலாம்.

சீன மூலிகை தந்த மருந்து

சாய்த்துப் படுக்க வைத்தும் அழுத்தம் வீழ்ந்தால் என் செய்வது? விரிந்த குழாய்களை இறுக்க மருந்து வேண்டும். இம்மருந்தின் வரலாறு பினாங்குவாசிகளுக்கு நெருக்கமானது. ஜார்ஜ் டவுனின் சீன மருந்துக் கடைகளின் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டுள்ள உலர்ந்த மூலிகைகளை நாம் கண்டிருக்கிறோம். 1883இல் ஏழைகளுக்குச் சீன வைத்தியம் வழங்கும் அறநிலையமாகத் தொடங்கிய லாம் வா ஈ, இன்று பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. அந்தச் சீன வைத்தியத்தில் தொன்றுதொட்டு இரைப்புக்கும் சளிக்கும் வழங்கும் மூலிகை மா ஹுவாங். அதிலிருந்து எபெட்ரின் என்னும் சத்தை 1885இல் சப்பானியரான நாகாய் பிரித்தெடுத்தார். பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் சென், ஷ்மிட் என்னும் இருவர் அதன் ஆற்றலை ஆராய்ந்து 1924இல் உலகிற்கு அறிவித்தனர். 1927இல் அமெரிக்க மருத்துவர்கள், முதுகு ஊசியால் வீழும் அழுத்தத்தை அதனைக்கொண்டு நிறுத்தலாம் எனக் காட்டினர்.

1974இல் கருவுற்ற ஆடுகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, பிற மருந்துகள் தாயின் அழுத்தத்தை உயர்த்தும்போது கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பதாகவும், எபெட்ரின் அவ்வாறு செய்வதில்லை எனவும் கண்டது. அன்று முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் எபெட்ரினே மகப்பேற்றுக்குரிய மருந்து எனப் பாடநூல்கள் ஐயமின்றி ஓதின.

அறிவியலில் ஐயமின்றி ஓதப்படுவதும் மறுஆய்வுக்குரியதே. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஹாங்காங்குச் சீனப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஆட்டை விட்டுவிட்டுத் தாயையும் சேயையும் நேராக ஆராய்ந்தனர். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தபொழுது, எபெட்ரின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடம் அமிலத்தன்மை மிகுந்திருந்தது. அம்மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலையும் விரைவுபடுத்திவிடுகிறது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். முன்னர் ஒதுக்கப்பட்ட பினைலெப்ரினோ குழந்தையின் இரத்தத்தை நன்னிலையில் வைத்தது. முப்பதாண்டுப் பாடம் தலைகீழாயிற்று. சீன நாட்டு ஆய்வால் புகழ்பெற்ற மருந்தைச் சீனர்களின் ஆய்வே அரியணையிலிருந்து இறக்கியது குறிப்பிடத்தக்கது. ஆயினும் எபெட்ரின் அறவே நீக்கப்படவில்லை. நெஞ்சத் துடிப்பும் அழுத்தமும் ஒருசேரத் தாழ்ந்தவிடத்து இன்றும் அது துணை நிற்கிறது.

அளவறிதல்

மருந்தின் அளவும் இதே வகையில் சிறிது சிறிதாகவே தெளிந்தது. 1907இல் இலண்டன் மருத்துவர் பார்க்கர், மருந்தோடு குளுக்கோசைக் கலந்து கனமாக்கினார். கனத்த மருந்து தாழ்ந்த பக்கம் செல்லும். ஆகவே உடலைச் சாய்த்து அதன் போக்கை ஓரளவு ஆளலாம். கொக்கெயினுக்குப் பின் பல மருந்துகள் வந்தன. 1957இல் சுவீடனில் உருவான புப்பிவக்கெயின் இன்று பெருவழக்காயுள்ளது.

இன்று அறுவைப் பேற்றுக்குப் பெரும்பாலும் செலுத்தப்படுவது கனப்படுத்திய புப்பிவக்கெயின் 10 முதல் 12 மில்லிகிராம். அதனோடு மிகச் சிறிதளவு பெண்டனில் போன்ற வலிநீக்கி. மொத்தம் இரண்டரை மில்லிலிட்டர் அளவு. தேநீர்க் கரண்டியில் பாதி. அதில் சிறிது குறைந்தால் வலி தெரியும். சிறிது மிகுந்தால் அழுத்தம் வீழும், மூச்சும் தடுமாறும். மரப்பு மார்புக்காம்பு மட்டம் வரை ஏறியுள்ளதா எனக் குளிர்ந்த பொருளால் தொட்டுத் தொட்டு அறிந்த பின்னரே கத்தி எடுக்கப்படுகிறது. ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த பின்னுள்ள இடத்தில். அங்கே நீரும் நரம்பு இழைகளுமே உள்ளன. பீரைப் படுக்கையில் தள்ளிய தலைவலியும், தண்டுவட நீரைச் சூழ்ந்த உறையை வெட்டாமல் விலக்கிச் செல்லும் பென்சில் முனை போன்ற நுண்ணிய ஊசிகளால் நூற்றில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஊசியால் நிலையான இடுப்புவலி வரும் என்பதற்கும் சான்றில்லை. பேற்றுக்குப்பின் வரும் இடுப்புவலி ஊசி பெறாதவர்க்கும் உண்டு.

2018இல் பன்னாட்டு அறிஞர் கூடி வெளியிட்ட உடன்பாட்டு அறிக்கை மற்றோர் அடியும் முன்னே சென்றது. அழுத்தம் வீழ்ந்தபின் மருந்து தேடுதல் போதாது. வீழாமலே காத்தல் வேண்டும் என்றது. ஊசி போட்டவுடன் பினைலெப்ரினை நிமிடத்திற்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை செலுத்தத் தொடங்கி, தாயின் மேல் அழுத்தம் அவளுடைய இயல்பான அளவில் நூற்றுக்கு 90-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது அதன் கருத்து. இயல்பு 120 எனின் 108-ஐக் காக்க வேண்டும். 96-க்குக் கீழ் இறங்கினால் உடனே செயற்பட வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்டுதல் ஆகாது என்று நம் முன்னோர் கூறியதன் மருத்துவ வடிவம் இது.

இத்தகைய கவனத்தின் பயனாக முதுகு ஊசி மீண்டும் தலைநிமிர்ந்தது. அமெரிக்காவில் 1985 முதல் 1990 வரை நடந்த அறுவைப் பேறுகளை ஆராய்ந்தோர், முழு மயக்கத்தால் தாய் இறக்கும் வாய்ப்பு, முதுகுவழி மரப்பால் இறப்பதைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு எனக் கணித்தனர். பின்னாளில் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது என்பதும் உண்மை. மலேசியாவில் 1957இல் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 1990களில் அத்தொகை 50-க்கும் கீழே வந்தது. இதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், நாட்டுப்புற நலநிலையங்கள், இரத்தவங்கி, சாலைகள் எனக் காரணங்கள் பல. 1991 முதல் ஒவ்வொரு தாயின் இறப்பையும் பழிசுமத்தும் நோக்கமின்றி ஆராய்ந்து பாடம் கற்கும் முறையும் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

தாயின் சொல்

கருவி பெருகிய இக்காலத்திலும், அழுத்தம் வீழ்வதைப் பல வேளைகளில் கருவிக்கு முன்னே அறிவிப்பது எது? தாயின் வாய்ச்சொல். பட்டை இறுகித் தளர்ந்து எண்ணைக் காட்டச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அவள், 'குமட்டிக்கொண்டு வருகிறது' என்பாள். 'தலை கிறுகிறுக்கிறது' என்பாள். தேர்ந்த மருத்துவர் அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே காரணத்தை உணர்ந்து கையிலுள்ள மருந்தைச் செலுத்துவார். முழு மயக்கத்தில் பேசாது கிடந்த தாய், முதுகு ஊசியின் வழியே தன் உயிரையும் தன் பிள்ளையின் உயிரையும் காக்கும் பணியில் பங்காளியாகிறாள்.

பினாங்கில் பல மொழியாரும் ஒரே மருத்துவமனையில் பணிபுரிகின்றனர். மேசையில் கிடக்கும் தமிழ்ப்பெண்ணின் தலைமாட்டில் நிற்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். அச்சத்தால் அவளுக்கு வருவது தாய்மொழியாகவே இருக்கும். குமட்டல், கிறுகிறுப்பு, மூச்சு முட்டல் என்னும் சொற்களை அருகிலுள்ள ஒரு தாதியாவது உணர்ந்து எடுத்துரைக்க வேண்டும். அதுபோலவே, 'குமட்டினால் உடனே சொல். அடக்கிக்கொள்ளாதே' என்று அவளுக்கும் முன்னரே அவள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். பிறருக்குத் தொல்லை தரக்கூடாது எனப் பொறுத்துக்கொள்ளும் நம் பெண்களின் பண்பு, இவ்விடத்தில் மட்டும் தீங்காய் முடியும்.

ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி இங்கே இருக்கிறது. முதுகு ஊசியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர் கேட்கும் கேள்விகளுக்கு நகைப்பை விடையாகத் தராமல் வரலாற்றை விடையாகத் தருவோம். 'நீங்கள் அஞ்சுவதில் பொருள் இருந்தது, பாட்டி, மருத்துவர்களும் அஞ்சினர். அவர்கள் அளக்கக் கற்றுக்கொண்டனர். சாய்த்துப் படுக்க வைக்கக் கற்றுக்கொண்டனர். தவறிய பாடத்தைத் திருத்தவும் கற்றுக்கொண்டனர்' என்று எளிய தமிழில் எடுத்துச் சொல்வோம். நோயின் கூறுகளையும் உடலின் இயல்பையும் தெளிவாகச் சொல்லும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு, சொல்வோர்தாம் வேண்டும்.

தாயுமானவர் கதையில், ஆற்றைக் கடந்து வர இயலாத அன்னைக்காக ஓர் உருவம் மகளின் தலைமாட்டில் வந்து நின்றது. இன்றைய அறுவை அரங்கில் அவ்விடத்தில் நிற்பவர், ஒரு கண்ணைக் கருவியின் மேலும் ஒரு செவியைத் தாயின் வாயின் மேலும் வைத்திருக்கும் மருத்துவர். திரைக்கு அப்பால் குழந்தை அழுகிறது. தாய் விழித்திருந்து அவ்வழுகையைக் கேட்கிறாள்.